அப்பாவின் வேட்டியில் இன்னொருவர்

அப்பாவைத் தொலைக்காட்சியில் காட்டியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். அவருக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

மலையாள நாட்டில், நாங்கள் குடியிருந்த வலியசாலைத் தெருவில் இருந்து தினமும் நடந்துபோய் ஒரு கோவிலின் கலவறையைப் பார்த்துக்கொண்டவர் அப்பா. நகை, பட்டு, பாத்திரமெல்லாம் இருக்கும் அறை, சாவி அவரிடம். நான் பள்ளியில் படித்த நாளில் அம்மனின் மூக்குத்தியைக் காணவில்லை. போலீஸ் தெருவுக்கே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. சில மாதம் கழித்து, பட்டுப் பாவாடைகளை வெயிலில் போட எடுத்து உதறியபோது, ஒன்றின் உள்மடிப்பில் சிக்கியிருந்த மூக்குத்தி கீழே விழுந்தது. திருட்டே நடக்கவில்லை. வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அவரைக் கூட்டிப்போனதைத் தெருவே நின்று பார்த்தது, மூக்குத்தி கிடைத்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இத்தனை வருடமும் தீரவில்லை.

பழைய வழக்குகளை மறுபடி துருவிப் பார்க்கும் மலையாள நிகழ்ச்சி ஒன்று உண்டு. நானே அவர்களுக்கு ஃபோன் செய்தேன்.

"என்னத்துக்குடி அதைக் கிளறறே? எல்லாரும் மறந்தாச்சு" என்றார் அப்பா.

"யாரும் மறக்கலேப்பா. ஒங்க மூஞ்சிக்கு நேரே சொல்லறதில்லே, அவ்வளவுதான்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அப்பா அதன்பிறகு மறுப்பே சொல்லவில்லை.

நிகழ்ச்சியைத் தயாரித்த பெண் என்னைவிட இளையவள், நல்ல மாதிரி. கூடத்து ஜன்னல்களைச் சாத்தி, ஒரே ஒரு விளக்கை அப்பாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பாதி முகம் வெளிச்சம், பாதி இருட்டு. அந்த வெளிச்சத்தில் உட்கார வைத்தால் யார்தான் யோக்கியமாகத் தெரிவார்கள்? அன்று எனக்கு அது தோன்றவில்லை. சினிமா மாதிரி இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். நடந்ததை நடித்தும் காட்டுவார்களாம். அதற்கு அப்பாவின் உயரத்தில் ஓர் ஆள் கிடைத்துவிட்டான். பழைய வேட்டி ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். மயில்கண் கரை போட்டதை அலமாரியில் தேடி எடுத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பினார்கள். அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். மயில்கண் கரை வேட்டி கட்டிய ஒருவன் இருட்டறைக்குள் நுழைகிறான். விரல்கள் மூக்குத்தியை எடுக்கின்றன. மெதுவாக, மிக மெதுவாக, கை இடுப்பு மடிப்புக்குள் போகிறது. விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்ததும் அதே கை, அதே மடிப்பு. இப்படி எத்தனை தடவை என்று எண்ணும் தெம்பு எனக்கில்லை. கடைசியில் தெருவில் நடந்துபோகும் அப்பாவின் முதுகைக் காட்டி, மூக்குத்தி கிடைத்துவிட்டது, அவர் நிரபராதி என்று ஒரு குரல் சொல்லி முடித்தது.

"அந்த ஆள் என்னைவிட நன்னா வேஷ்டி கட்டிண்டிருக்கான்" என்றார் அப்பா.

மறுநாள் அந்தப் பெண்ணை அழைத்து, மூக்குத்தி கிடைத்ததை ஏன் நடித்துக் காட்டவில்லை என்று சண்டை பிடித்தேன்.

"பாவாடை உதறறதில எந்து விஷுவல் சேச்சி?" என்றாள் மலையாளம் கலந்த தமிழில். "முதல்ல சம்சயத்தைக் காணிக்கணும். அப்பத்தான் ஆள்கள் கடைசி வரை இருந்து காணும்."

அடுத்தாத்து மாமி கடைசி வரை இருக்கவில்லை. "மாமாவோட வேஷ்டின்னு பார்த்த உடனே மனசிலாச்சு, கேட்டோ. அவன் எடுத்து மடியில வைக்கறச்சே எனக்குப் பகீர்னது" என்றாள்.

"மூக்குத்தி கிடைச்சதுன்னு சொன்னாளே மாமி?"

"அப்படியா? அப்போ பால் பொங்கித்து, உள்ளே போயிட்டேன்."

மாமியிடம் எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்று அந்த வாரமே தெரிந்துபோயிற்று.

பொடி போடுவதை விட்டதில் இருந்து அப்பாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏலக்காய் மெல்லும் பழக்கம். அன்று மத்தியானம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் டப்பாவைத் திறந்து எதையோ எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். வருடக்கணக்காக நான் பார்க்கிற காரியம். ஆனால் என் கண் அவர் கையோடு கூடவே போய், மடிப்பில் நின்றுவிட்டது. அவரை, என்னைப் பெற்ற தகப்பனாக அல்ல, அந்த இருட்டறைக்குள் நுழைந்தவனாகப் பார்த்தேன். ஒரு நொடிதான். அந்த நொடியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்பா என் கண்ணைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, மடிப்பை அவிழ்த்து, உள்ளங்கையை என்னிடம் நீட்டினார்.

"ஏலக்காய்தாண்டி. ரெண்டே ரெண்டு."

என்னால் நிமிர முடியவில்லை. அவர் அவற்றைச் சமையல் மேடைமேல் வைத்தார். பிறகு வேட்டி மடிப்பையும் ஒருமுறை உதறிக் காட்டினார்.