வாஷர் டப்பாவில் மாப்பிள்ளையின் குரல்

பதினோரு வருடமாக எனக்கு ஒரு மனக்குறை. என் தங்கை வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கழுத்துக் கட்டியை எடுத்தபோது நரம்பில் அடிபட்டு, குரல் வெறும் காற்றாகிப் போனது. இன்னொரு மருத்துவர் தொண்டைக்குள் சிலிக்கான் துண்டு ஒன்றை வைத்து, செத்துக் கிடந்த குரல் நாணை நடுவுக்குத் தள்ளிவிட்டார். அப்போது ஒன்பது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தவன் நான். வேலைக்குத் திரும்பிய மனிதர் புதுக் குரலில் மைக்கில் செய்த முதல் காரியம், "நாலாவது நடைமேடையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கும் பம்ப் ரிப்பேர்க்காரர் உடனே வெளியேறவும்" என்று என்னை விரட்டியதுதான்.

குரல் முன்னைவிடக் கனமாக அமைந்துவிட்டது. பிறவிக் குரல் என்று ஊரே மெச்சியது, மாப்பிள்ளையும் மறுக்கவில்லை. வருடம் ஒருமுறை வந்து காட்டச் சொன்ன மருத்துவரை இரண்டாம் வருடமே மறந்தார்.

இந்த மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. மைக்கை அணைப்பார், இருமுவார், மறுபடி போடுவார். வயரில் கோளாறு என்று எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை வயரை மாற்றினார்.

"காட்டித் தொலைங்க மாப்ள," என்றேன்.

"துண்டை எடுக்கணும்னு சொல்லிட்டா? காத்தை வச்சுக்கிட்டு எந்த பஸ்ஸை மச்சான் கூப்பிடுறது? என் நாற்காலி மேல ஏற்கெனவே ரெண்டு பேருக்குக் கண்ணு."

போன செவ்வாய் மதியம் என் பட்டறைக்கு வந்தவர், இருமத் தொடங்கி நிறுத்தவே இல்லை. நான் தண்ணீர் எடுத்துத் திரும்பும்போது மேஜையைப் பிடித்துக் குனிந்திருந்தார். மேஜையில் வெள்ளையாக ஒரு துண்டு. வெட்டிப் போட்ட வாஷர் என்று துணியில் துடைத்து டப்பாவில் போட்டேன். இருபது வருடமாகக் கை அப்படியே பழகிவிட்டது. அவர் டப்பாவைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினார்.

"சும்மா ஆட்டாம தண்ணியக் குடிங்க."

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "துண்டு எங்க? முழுசா வந்துச்சான்னு பாக்கணும்." டப்பாவை அப்படியே தட்டில் கவிழ்த்தேன். இருநூறு வாஷராவது இருக்கும்.

"கட்டினவன் குரலைக் கொண்டுபோய் வாஷரோட போட்டிருக்கியே, உனக்கெல்லாம் கண்ணு எதுக்குண்ணா?" என்றாள் தங்கை.

மருத்துவர் இடுக்கியால் கிளறிக் கிளறி ஒன்றைத் தூக்கினார். "இதுதான். ஆனா ஒரு முனையைக் காணோம். உள்ளயே நிக்குது. காலைல எடுத்துடணும். ஆறு மாசம் புண் ஆறட்டும். அப்புறம் வேற வைக்க முடியுமான்னு பாப்போம்."

மாப்பிள்ளைக்கு மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் எழுதி என்னிடம் நீட்டினார்:

"மச்சான், மேலாளருக்கு போன் போட்டு நான் பேசுற மாதிரி பேசுங்க. காய்ச்சல், ஒரு வாரம் லீவுன்னு சொல்லுங்க. உங்க கரகரப்பு போதும். மரியாதை மட்டும் கொஞ்சம் சேத்துக்குங்க."