கீறல் இல்லாத இடம்

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த தூரிகை கறுப்பு இசைத்தட்டின் மேல் மெல்ல வட்டமடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் விளிம்பை மட்டுமே தொட்டன. பெற்ற பிள்ளையைக்கூட இவள் இவ்வளவு பக்குவமாகக் குளிப்பாட்டியதில்லை என்பது அவள் கணவனின் நெடுநாள் புகார்.

பழைய தட்டுகளின் கரகரப்பைக் கணினியில் ஒவ்வொன்றாக நீக்கிக் கொடுப்பது அவள் தொழில். தானே முட்டி மோதிக் கற்றது. சட்டம் ஒன்றே ஒன்று: தூசியும் ஊசியும் செய்ததை எடுக்கலாம்; வாசித்தவர் செய்ததில் கைவைக்கக் கூடாது.

இந்தத் தட்டில் இருந்தது செரினேட் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசைக்கோவை ஒன்று. நகரத்து இசைக்குழு நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தது. கொண்டுவந்தவர் அந்தக் குழுவில் ஹார்ன் என்ற பித்தளைக் குழல் ஊதியவர்.

"மூணாவது பகுதியில நான் தனியா ஊதுற இடத்துல ஒரு கீறல் இருக்கும்மா. அதைக் கேட்டுட்டு, நான் பிசகிட்டேன்னு நாப்பது வருஷமா என் வீட்டுக்காரி மானத்தை வாங்குறா. சனிக்கிழமை எனக்கு எழுபது வயசு. சொந்தபந்தம் எல்லாம் வரும். கீறலை எடுத்துக் குடுங்க, போட்டுக் காட்டிடுறேன்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் தட்டு கழுவிவிட்ட பளிங்கு. கீறலாவது கத்தரிக்காயாவது! சறுக்கியது அவர் ஊதிய சுரம்தான்.

இரண்டு நிமிடம் கழித்து அதே மெட்டு பிசகில்லாமல் திரும்ப வருகிறது. அதை வெட்டி இங்கே ஒட்டப் பத்து நிமிடம் போதும். ஒட்டியும் பார்த்தாள், ஈ காக்கைக்குத் தெரியாது. சாப்பாட்டுக்குக்கூட எழாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒட்டியதைப் பிய்த்தெடுத்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வந்தார்கள். போட்டாள். கரகரப்பு ஒழிந்ததில் பிசகு முன்னைவிடப் பளிச்சென்று கேட்டது. பெரியவர் கூரையை ஆராய்ந்தார்.

"அங்க கீறலே இல்லீங்கய்யா," என்றாள் தயங்கித் தயங்கி. "ஆனா அதுக்கு அடுத்ததைக் கேளுங்க."

மறுபடி போட்டாள். சுரம் சறுக்கியதும் வயலின்கள் அத்தனையும் அரை மூச்சு நின்றன. அவர் வந்து சேர்ந்த பிறகே நகர்ந்தன. இத்தனை நாள் இரைச்சலுக்குள் புதைந்து கிடந்த அரை மூச்சு.

"எனக்காக நின்னிருக்காங்க," என்றார் அவர்.

"வீட்டுல நானும் அப்படித்தான் நிக்கிறேன்," என்றாள் மனைவி. "யாரு கேட்டா?"

அவர் சிரித்துவிட்டார். "இதையே போடுறேன். இவனுக்காக இருபது வயலின் நின்னுச்சுன்னு ஊரெல்லாம் பேசட்டும்."

தட்டையும் சிடியையும் உறையிலிட்டு நீட்டினாள். அவர் கை எட்டுவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"இவர்கிட்ட குடுக்காதீங்கம்மா. சனிக்கிழமைக்குள்ள அந்த இடத்துல ஒரு கீறல் போட்டுடுவார்."