வீட்டுக்காரம்மா வேஷம்

என் மகள் வீட்டுக்குள் இருந்தால் காது புளிக்கிற அளவுக்குப் பேசுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளியில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். ஒண்ணுக்குப் போகணும் என்று கேட்க முடியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டு வந்து நின்ற நாட்களும் உண்டு. எங்கள் லைன் வீடுகளில் ஒரு வீடு தெலுங்கு, ஒரு வீடு கன்னடம், நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்கு வாடகைக்கு விட்டு மாடியில் இருக்கிற வீட்டுக்காரம்மாவும் தெலுங்கு. ஓசூருக்கு வந்து பாஷை குழம்பிப்போச்சு என்றார்கள். டாக்டர் பயம் என்றார். மாமியார் போனில் செய்வினை என்றார். எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. "ஏட்டி, வாயத் திறந்தா முத்தா உதிந்திரும்?" என்று அவளிடமும் கத்துவேன்.

அவள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது நாடகம் சொல்லிக்கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு சார் வந்தார். சின்ன வயது, வெளியூர்க்காரர். நான் வண்டிப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறவள். நாடகம் சோறு போடுமா, அந்த நேரத்துக்கு நாலு கணக்குப் போட்டாலாவது ஆகும் என்று நினைக்கிற ஆள்தான். ஒருநாள் அவளை அழைத்துவரப் போனபோது அந்த சார் என்னை நிறுத்தினார்.

"உங்க பொண்ணு பிரமாதமா பேசறாங்கம்மா."

"ஆள் மாறிப்போச்சு சார். எம் பொண்ணு பேச மாட்டா."

அவர் சிரித்துக்கொண்டே வகுப்பு ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். உள்ளே என் மகள் பஸ் கண்டக்டர். "படியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க! பெங்களூரு டிக்கெட் யாரு?" என்று வகுப்பையே விரட்டிக்கொண்டிருந்தாள். கரகரப்பான ஆம்பளைக் குரல்.

"வேற ஆளா மாறிட்டா பயம் விட்டுப்போகுதும்மா. தன்னை யாரும் பாக்கலன்னு தோணுது போல. விடுங்க, இப்படியே பேசிப் பேசி ஒரு நாள் சொந்தக் குரல்ல பேசிடுவாங்க" என்றார் சார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் கண்டக்டர் குரலில் தண்ணீர் கேட்டாளாம். கடையில் காய்காரம்மா குரலில் பென்சில் வாங்கினாள். சிரிக்காதீர்கள் என்று சார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கடவுளே, இது நிலைக்கணும் என்று கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டே போவேன்.

ஆண்டு விழாவுக்கு, பிள்ளைகளைத் தங்கள் தெருவையே நாடகமாகப் போடச் சொன்னார் சார். "உனக்கு என்ன வேஷம்ட்டி?" என்றால், "வந்து பாரும்மா" என்றாள்.

வந்து பார்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்குவதுபோல் மேடைக்கு வந்தாள். ஒரு இருமல். "ஏமம்மா! தண்ணி என்ன உங்க ஊர்ல இருந்தா வருது? மோட்டார நிறுத்தும்மா!" எங்கள் வீட்டுக்காரம்மா அச்சு அசலாக நின்றார். தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது. மைதானம் சிரித்து உருண்டது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் முன்வரிசையைப் பார்த்தேன். பேரன் டான்ஸைப் பார்க்க வந்திருந்த வீட்டுக்காரம்மா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மேடையில் பார்த்த அதே நடை. அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து தெருப் பையன்கள் அவரைக் கண்டால் "ஏமம்மா!" என்று கத்தத் தொடங்கினார்கள். அவர் மாடியிலிருந்து இறங்குவதையே விட்டுவிட்டார். அவர் மகன் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னான். எனக்கு வீடு போவது பெரிதில்லை. வேறு பக்கம் போனால் வேறு பள்ளி, அங்கே இந்த சார் இல்லை. இப்போதுதான் திறந்த வாய் மூடிக்கொள்ளுமே. மகளைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

வீட்டுக்காரம்மா கெட்டவர் இல்லை. நான் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற வாரங்களில் என் பிள்ளைக்குத் தோசை சுட்டுக் கொடுத்தவர். கண் வீங்கியிருந்தது.

"என் காலு நோவு உங்களுக்கு ஆட்டமா போச்சாம்மா?"

"சின்னப் பிள்ள, வெவரம் தெரியாமப் பண்ணிட்டா. மன்னிச்சிருங்கம்மா."

"நீ சொல்லாத. அவ சொல்லட்டும்."

"வெளிய அவளுக்குப் பேச்சு வராதும்மா. ஒங்களுக்குத் தெரியாததா?"

"அன்னிக்கு ஊரே கேக்கற மாதிரி பேசினாளே! அப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அழுதேனோ, அதுவே இப்போது பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொன்னது. மகளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "சொல்லுட்டி, என் கண்ணுல்லா, ஒரே ஒரு வார்த்த" என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே எதையோ தேடுவதுபோல் நின்றாள். பிறகு வாயைத் திறந்தாள்.

ஒரு இருமல். "தப்புதாம்மா. உங்களுக்கு நோவும்னு தெரியல."

வீட்டுக்காரம்மாவின் குரல். அதே இழுப்பு. கேலி செய்யவில்லை, சத்தியமாகச் செய்யவில்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கிடைத்த குரல் அது ஒன்றுதான். எனக்கு அது தெரிந்தது. அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"இன்னுமா?" என்றார். கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடிவந்துவிட்டோம். "விட்டுடாதீங்கம்மா" என்று சார் போனில் சொன்னார். அவர் வகுப்பையும் நிறுத்தி, அந்த நேரத்தைப் பரீட்சைப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டார்களாம். என் மகள் அதற்கப்புறம் யார் குரலிலும் பேசவில்லை. புதுப் பள்ளியில் டீச்சருக்கு அவள்மேல் ஒரு குறையும் இல்லை. "ரொம்ப ஒழுக்கமான பொண்ணு, சத்தமே வராது" என்று மெச்சுகிறார். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுகிறாயா என்று நான் கேட்டால், இப்போது எனக்கும் தலையைத்தான் ஆட்டுகிறாள்.