மஞ்சள் பூசிய தென்னை

குமுதாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பதுதான். பாராட்டாகச் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தால் தெரியும். ரிங்லெட் என்ற மலையூரில் பயிர் நோய்களைச் சோதிக்கும் ஒரு தனியார் கூடத்தில் அவள் லேப் டெக்னீஷியன். குகனேஸ்வரன் என்கிற நான் அங்கே வேன் ஓட்டுகிறேன். மலைமேல் திரிங்காப் வரை போய் வாடின தக்காளி, அழுகின முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு வருவேன். என்ன கிருமி என்று அவள் கண்டுபிடித்துச் சொல்வாள். முடிவு மோசமாக இருந்தால் தோட்டக்காரர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இழுத்துச் சொல்லலாம் அல்லவா? மாட்டாள். பட்டென்று சொல்லிவிட்டு அவருக்கு ஒரு தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே வரிசைவீட்டு லயத்தில் வளர்ந்தவர்கள். ரிங்லெட்டுக்குக் கீழே, தாப்பா சாலையிலிருந்து பிரிந்து போகும் தோட்டம் அது. லயத்தின் கடைசி வீடு குமுதாவுடையது. அந்த வீட்டுப் பக்கவாட்டில்தான் தென்னைமரம் நின்றது.

மலைக்குளிரில் தென்னைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். குமுதாவின் அப்பா வேலப்பன் அண்ணன் தேயிலை லோரி ஓட்டியவர். அவருக்கும் அம்மாக்கண்ணு அக்காவுக்கும் கல்யாணமானபோது கும்பத்தில் வைத்த தேங்காயை அப்படியே எடுத்து வைத்தார்கள். அது முளைவிட்டது. அண்ணன் அதைக் கொண்டுபோய் நட்டார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாராம். மரம் ரொம்ப மெதுவாக, மனசில்லாமல் வளர்ந்தது. கடைசிவரை ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. அண்ணன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி எண்ணெய் தேய்க்கும் முன் ஒரு பை கல்லுப்பை வேரில் கொட்டுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கடக்கர மரம்லா இது. கொஞ்சம் உப்பு போட்டாத்தான் ஊரு ஞாபகம் வரும்," என்றார்.

காய்க்காவிட்டால் என்ன? ஓலை கொடுத்தது. அதுவரை சடங்கு, கல்யாணம் என்றால் தாப்பாவிலிருந்து குருத்தோலை வரவேண்டும். வளைவுகளில் லோரி ஏறி வருவதற்குள் அது பாதி வதங்கிவிடும். இந்த மரம் தலையெடுத்த பிறகு எங்கள் லயத்து விசேஷம் எல்லாவற்றுக்கும் தோரணம் இதிலிருந்துதான். வேலப்பன் அண்ணனே ஏறி அளவாக வெட்டிக் கொடுப்பார். என் கல்யாணப் படத்தில் என்னைவிடத் தோரணம்தான் அழகாக விழுந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பச்சை ஓலை கிழிக்கும் வாசனை எனக்கு மூக்கில் வந்துவிடும். அந்த நாட்களுக்காக நான் ஏங்குகிறேன். அதை மறைக்க என்ன இருக்கிறது?

குமுதா இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது அண்ணன் மஞ்சளாகிப் போனார். கண் மஞ்சள், நகம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் ஈரல் புற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது அவருடைய அண்ணன்மாரிடம். அவர்கள் கூடிப் பேசி, சொன்னால் தாங்கமாட்டாள் என்று அம்மாக்கண்ணு அக்காவிடம் சாதாரணக் காமாலை என்றார்கள். அக்கா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். உண்மை அவர் காதில் விழுந்தது துக்க வீட்டில், யாரோ இருவர் பேசிக்கொண்டபோது. அதற்காக அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. கீழாநெல்லியை மட்டும் அதற்குப் பிறகு வீட்டில் வளரவிடவில்லை.

போன மழைக்காலத்தில் தென்னை மஞ்சளடித்தது. அடி ஓலைகள் முதலில், பிறகு நடுவில் இருப்பவை. அதே சமயம் பெருங்காற்றில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மரம் கூரைமேல் விழுந்திருந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் எங்கள் துரை வந்து அண்ணாந்து பார்த்தார். நோய்வந்த மரம் என்றால் வெட்டிவிட வேண்டும், சும்மா குளிரில் வெளுத்தது என்றால் இருக்கட்டும், சோதித்துச் சொல்லுங்கள் என்றார். நியாயமான மனிதர்தான். குமுதாவின் தம்பி தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்வதால் அம்மாவும் தம்பியும் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா, குமுதாவுக்குப் போன் போட்டு, எப்படியாவது மரத்தைக் காப்பாற்றிக் கொடு என்றார்.

தென்னையை மஞ்சளாக்கும் ஒரு பாக்டீரியா உண்டு. மரத்தின் சாறு ஓடும் குழாய்களுக்குள் குடியிருக்கும். தத்துப்பூச்சி ஒரு மரத்தில் உறிஞ்சி அடுத்த மரத்தில் கொண்டுபோய் விடும். கீழே தோப்புகளிலிருந்து இதற்கான மாதிரிகள் எங்களுக்கு வருவதுண்டு. தண்டைத் துளைத்து, உள்ளிருந்து வரும் தூளை எடுத்து வந்தால் போதும். நான் துரப்பணத்தோடு போனேன்.

போனால் மரம் மணப்பெண் மாதிரி நிற்கிறது. இடுப்பளவு உயரத்துக்கு மஞ்சள் அரைத்துக் கனமாகப் பூசி, குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தியிருந்தார் அக்கா. கல்யாண மரத்தை இரும்பால் குத்தப் போகிறார்களே, சும்மா விடலாமா என்பது அவர் கணக்கு. துடைத்துவிடுங்கள் என்றேன். பூசிய மஞ்சளை யாராவது துடைப்பார்களா என்று என்னை முறைத்தார். அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் இந்த மலையில் இல்லை. மஞ்சளோடு சேர்த்தே துளைத்தேன்.

குமுதா மஞ்சள் கலந்த தூளைப் பார்த்ததுமே உதட்டைக் கடித்தாள். ஆனாலும் சோதித்தாள். நோய் இருந்தால் சோதனைப் படத்தில் ஒரு கோடு விழவேண்டும். விழவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் சந்தோஷப்படவில்லை. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மரத்தின் சொந்தக் கோடு ஒன்று கட்டாயம் விழவேண்டுமாம். அதுவும் இல்லை. அக்கா பூசிய மஞ்சள் சோதனையையே கெடுத்துவிட்டது. கேள்வி கேட்டோம், எதிராளி வாயே திறக்கவில்லை, அதை இல்லை என்ற பதிலாக எடுத்துக்கொள்ள முடியுமா என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் கூடத்தை நடத்தும் பெரியவர் லிங்கேஸ்வரன் அந்த வாரம் ஈப்போவில் இருந்தார். இவள் எழுதுவதுதான் முடிவு.

"நோய்க் கோடு விழல. அத மட்டும் எழுதிடு லா. சொன்னா அம்மா தாங்குவாங்களா?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கீழ் லயத்தில் கருப்பையாவின் இரண்டு இளம் தென்னைகள் இருப்பதை மட்டும் ஞாபகப்படுத்தினாள். அதில் ஒன்று அப்போதுதான் பாளை விட்டிருந்தது.

மறுபடியும் போனோம். இந்த முறை அவளும் வந்தாள். அக்கா மஞ்சள் கிண்ணத்தோடு தயாராக நின்றார். குமுதா சண்டை போடவில்லை.

"மஞ்ச அந்தப் பக்கம் பூசும்மா. நா இந்தப் பக்கம் தொளைக்கிறேன்," என்றாள்.

அப்படியே நடந்தது. ஒரு பக்கம் அம்மா பூசிக்கொண்டிருக்க, மறுபக்கம் அப்பா நட்ட மரத்தைத் தன் கையாலேயே துளைத்தாள் மகள். துரப்பணத்தை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

இரண்டாவது சோதனையில் மரத்தின் கோடு தெளிவாக விழுந்தது. அதற்குப் பக்கத்தில் நோயின் கோடும் விழுந்தது.

போனில் சொல்லமாட்டேன் என்று நேரில் வந்தாள். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். உட்காரவைத்துவிட்டுச் சொல்வாள் என்று நினைத்தேன். நின்றபடியே சொன்னாள்: மரத்துக்கு நோய் வந்துவிட்டது, இனிப் பிழைக்காது, வைத்திருந்தால் கருப்பையாவின் மரங்களும் போகும். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வேனைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். பிறகு மகளின் கன்னத்தைத் தடவினார். மரத்துக்குப் பூசிய மஞ்சள் கையில் இருந்தது, அது கன்னத்திலும் ஒட்டியது.

"ஒங்கப்பா மஞ்சளானப்ப எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா அந்த மருந்த அரைச்ச நேரத்துக்கு அவரு பக்கத்துல ஒக்காந்திருப்பேன். நீ சொல்லிட்டம்மா," என்றார்.

எத்தனையோ தோட்டக்காரர்களின் முகத்துக்கு நேரே கெட்ட செய்தி சொன்ன குமுதா, அன்றைக்கு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

மரத்தை அடுத்த வாரம் வெட்ட வருவதாகத் துரை ஆள் அனுப்பினார். அந்த ஒரு வாரமும் அக்கா வீட்டுக்குள் சமைத்ததோடு சரி. மற்ற நேரமெல்லாம் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு மரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.