முகாம் பதிவேட்டில் ஒரு கைரேகை

எங்கள் மருத்துவர் சங்கத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள் என்றும், அதில் சங்கத்தின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவனுக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரியும் என்பது அவர்கள் கட்சி. நானும் தலையை ஆட்டிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான்.

முதல் பத்தியிலேயே முட்டிக்கொண்டது. சங்கம் எங்கே தொடங்கியது? சிவகாசியில் ஒரு கண் டாக்டரின் கிளினிக்கில் என்றார் ஒருவர். விருதுநகரில்தான், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். சாத்தூர் ஸ்டேஷனில் ரயில் தாமதமானபோது நாலைந்து டாக்டர்கள் பொழுது போகாமல் ஆரம்பித்தது என்றார் மூன்றாமவர். மூன்று பேருமே நேரில் இருந்ததாகச் சொன்னார்கள். மூன்று கதையிலும் காராச்சேவு மட்டும் மாறாமல் இருந்தது.

சரி, சங்கம் என்ன செய்தது என்பதாவது தெளிவாக இருக்கும் என்று நினைத்தேன். மாதம் ஒரு கூட்டம், வெளியூர் நிபுணர் ஒருவரின் பேச்சு, பிறகு சாப்பாடு. ஒருவர் ஊருக்குப் போனால் அவருடைய நோயாளிகளை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். எங்காவது பட்டாசு ஆலையில் வெடித்துவிட்டால் யார் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, யார் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டுவது என்று முறை வைத்திருந்தோம். தீபாவளி சீசன் முடிந்து ஆலைகள் மறுபடி திறந்ததும், உள்ளேயே போய் மருத்துவ முகாம் நடத்துவோம். தொழிலாளர்களை வரிசையாக வரவைத்து, குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரலின் வலுவைப் பார்ப்போம். அந்த முகாம்களில் எனக்கு ரொம்பப் பெருமை. வரலாற்றில் அதற்கே இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

அந்த இரண்டு பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்த அம்மா என் கிளினிக்குக்கு வந்தார். ஊர் தாயில்பட்டி. நாற்பது வயதிருக்கும். இரண்டு கைகளிலும் தீக்காயம் ஆறி, விரல்கள் உள்ளங்கைப் பக்கமாக மடங்கி இறுகிவிட்டிருந்தன. ஆலை வெடித்தபோது உள்ளே இருந்தவர்.

"மதுரையில ஆபரேசன் பண்ணுனா வெரல விரிச்சிறலாம்னு சொல்றாக. கம்பெனியில என்னய அவுக ஆளே இல்லேங்கிறாகய்யா. அக்காவுக்குச் சோறு குடுக்க வந்த இடத்துல பட்டுக்கிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாக."

அங்கே வேலை பார்த்தவர் என்று ஆனால்தான் கம்பெனி அந்த ஆபரேஷனைச் செய்து வைக்கும். விசாரணை அதிகாரி ஒரு சாட்சி கேட்டிருக்கிறார். அட்டை, ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீங்கதான் இருக்கீக. அங்கன வச்சு என்னயப் பாத்தீகள்ல, குழாயில ஊதச் சொல்லி."

எனக்கு அந்த முகம் நினைவில் இல்லை. எத்தனை முகாம், எத்தனை முகம். பார்க்காதவரைப் பார்த்ததாக எழுதிக் கொடுப்பதில்லை என்பதில் நான் கொஞ்சம் கிறுக்கன். ஆனால் முகாம் பதிவேடு என் பீரோவில்தான் இருந்தது. அதில் எல்லாம் இருக்கும், மறுநாள் வாருங்கள் என்று தைரியமாகச் சொல்லி அனுப்பினேன்.

பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. ஊர்: தாயில்பட்டி. தொழில்: கூலி. மேலே இருந்த பெயருக்கும் கூலி, கீழே இருந்த பெயருக்கும் கூலி. பக்கத்தைப் புரட்டினேன், அங்கேயும் கூலி. தேதி இருந்தது, இடம் இல்லை. பட்டாசு ஆலைக்குள் உட்கார்ந்துகொண்டு, பட்டாசு என்ற சொல்லே வராமல் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறோம்! இதை இத்தனை வருடம் நான் கவனித்ததே இல்லை.

அந்தக் காலத்தில் தலைவராக இருந்த சர்ஜனுக்குப் போன் போட்டேன். எனக்கு மூத்தவர், இன்னும் என்னை ஏலே என்றுதான் கூப்பிடுவார்.

"எடமும் குடுத்து, பந்தலும் போட்டு, சாப்பாடும் போட்டவுக பேர நாம எதுக்குலே எழுதி வைக்கணும்? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைப் போட்டேன். ஒவ்வொரு முகாமுக்கும் என்னோடு வந்த பெண் டாக்டரிடம் கேட்டேன். அவர் பதறிவிட்டார்.

"ஐயோ, அது தொழிலாளிகளுக்காகத்தான் சார். இன்ன கம்பெனியில இன்னாருக்கு நெஞ்சு சரியில்லைன்னு நோட்டுல இருந்து, அது மொதலாளி கண்ணுல பட்டா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு எழுதாம விட்டோம்."

"இதை யார் சொன்னது?"

"நல்லா கேட்டீங்க போங்க. நீங்கதான் சார் சொன்னீங்க!"

நானா? கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்துத் தேடினேன். இருந்தது. 'முகாம் பதிவேட்டில் பணியிடத்தைக் குறிக்க வேண்டியதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: செயலாளர்.' எழுத்தும் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. காரணம் மட்டும் எழுதவில்லை.

நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கறையில் சொன்னேனா, முதலாளியின் முகதாட்சண்யத்தில் சொன்னேனா? அக்கறை என்றால் அதை ஒரு வரி எழுதுவதில் எனக்கு என்ன கஷ்டம்? முகதாட்சண்யம் என்றால் தீர்மானம் என்று புத்தகத்தில் ஏற்றியா வைப்பேன்? அன்றைய கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை நினைவுக்கு வந்தது. நான் என்ன நினைத்தேன் என்பது மட்டும் வரவில்லை. எனக்கு நானே பிடிபடாமல் போவது இந்த வயதில் பயமாக இருந்தது.

மறுநாள் அந்த அம்மா வந்ததும் உள்ளதைச் சொன்னேன். "எனக்கு உங்க முகம் ஞாபகத்துல இல்லம்மா. நோட்டுலயும் கம்பெனி பேரு இல்ல. அன்னைக்கு நடந்தது ஏதாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவர் யோசிக்கவே இல்லை.

"கைநாட்டு வைக்கச் சொன்னீக. மை டப்பா காஞ்சு கெடந்துச்சு. எங்க கையி பூராம் அலுமினியப் பவுடரு. மை எதுக்கு, அதையே வச்சு அமுக்குங்கன்னு சொல்லிச் சிரிச்சீக. நாங்களும் சிரிச்சோம்."

பதிவேட்டை மறுபடி திறந்தேன். நேற்று பெயரையும் தொழிலையும்தான் பார்த்திருந்தேன், கடைசிக் கட்டத்தை யார் பார்த்தது? அவர் பெயருக்கு நேரே சாம்பல் நிறத்தில் ஒரு பெருவிரல். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் மினுமினுத்தது. பக்கம் முழுவதும் அப்படித்தான். தடவிப் பார்த்தேன், என் விரலிலும் கொஞ்சம் ஒட்டியது. கூலி என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே பட்டாசு ஆலையின் பவுடரில் ரேகை வாங்கியிருக்கிறோம். அந்தச் சிரிப்பும், அது எந்த ஆலை என்பதும் இப்போது நினைவுக்கு வந்தன. அவமானமாக இருந்தது.

சங்கத்தின் இப்போதைய தலைவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சங்கத்து லெட்டர்பேடுல வேண்டாமே சார். மலருக்குப் பின்னட்டை விளம்பரமே அந்தக் கம்பெனிதான் குடுத்திருக்கு."

கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என் கிளினிக் தாளிலேயே விசாரணை அதிகாரிக்கு எழுதினேன். இந்தப் பெண்ணை இன்ன தேதியில் இன்ன ஆலைக்குள், வேலைக்கு நடுவே பரிசோதித்தேன். அவருடைய ரேகை அலுமினியப் பவுடரில் பதிந்திருக்கிறது. பதிவேட்டை நேரில் கொண்டுவந்து காட்டத் தயார். அதில் பணியிடம் இல்லாததற்கு நான் முன்மொழிந்த தீர்மானமே காரணம். அதற்கு மேல் பேனா நகரவில்லை. தொழிலாளர் நலன் கருதி என்று எழுதி அடித்தேன். நிர்வாகத்தின் மேல் வைத்த மரியாதை கருதி என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில், எதற்காக அப்படி முன்மொழிந்தேன் என்பது எனக்கு நினைவில்லை என்று எழுதி, நல்ல தாளில் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். விரல்கள் விரியாததால் கடிதத்தை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இம்புட்டுத்தானய்யா? இத அன்னைக்கே அந்த நோட்டுல எழுதியிருக்கலாம்ல?"

குறையாகக் கேட்கவில்லை. காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதிலுக்காக நின்றுகொண்டும் இருந்தார். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.