வடையில் மாட்டிய கொம்பு

குளிரூட்டியின் காற்றும் ஈரக் காலுறையின், எங்கள் பேச்சில் “மேசு”வின், நாற்றமும் கலந்து ஒரு வாடை வருமே, அதுதான் என்னைப் பொறுத்தவரை கொம்பியூட்டரின் வாடை. கொழும்பு வெள்ளவத்தையில் நான் படித்த பெண்கள் பாடசாலையில் கொம்பியூட்டர் அறைக்குள் சப்பாத்தோடு போகக்கூடாது என்பது சட்டம்; தூசி பட்டால் மெஷின் பழுதாகிவிடுமாம். வாசலில் இருந்த மரத் தட்டில் சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு, மழைத்தண்ணீரில் ஊறிய மேசுக் கால்களோடு, கோயிலுக்குள் போவது போல அடக்கமாக உள்ளே போவோம். மவுஸைத் தொடுவதற்கும் ஒரு பயபக்தி இருந்தது. எனக்கு அந்த அடக்கம் அதிக நாள் நிலைக்கவில்லை.

பத்தாம் ஆண்டில் எங்களுக்கு அந்தப் பாடம் எடுத்தவர் ஜெயந்தி மிஸ். நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். பாடசாலைக் கண்காட்சிக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் இணையப்பக்கம் செய்யச் சொன்னார். வெளியிலிருந்து ஒரு நடுவர் வருவார், அவர் தெரிவு செய்வது பாடசாலைகளுக்கிடையிலான போட்டிக்குப் போகும். நானும் என் பக்கத்தில் இருந்த ரெஹானாவும் ஒரு பெயர் விளையாட்டைச் செய்தோம்: யாராவது தங்கள் பெயரைத் தட்டினால், ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு நிறப் பெட்டிக்குள் துள்ளி வந்து உட்காரும். நிறங்களைத் தேர்ந்தவள் ரெஹானா. புறக்கோட்டையில் அவளுடைய வாப்பாவின் புடவைக்கடையில் வளர்ந்த கண் அவளுடையது. கோட் எழுதியது நான். அவள் பெயரை ஆங்கிலத்தில் தட்டினோம், எழுத்துகள் காலை அசெம்பிளியில் நிற்கும் பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. பிறகு தமிழில் “மேகலா” என்று என் பெயரைத் தட்டினேன்.

மூன்றெழுத்துப் பெயருக்கு ஐந்து பெட்டிகள் வந்தன. ‘ம’ தனியே நின்றது. அதன் இரட்டைக்கொம்பு அடுத்த பெட்டியில், புள்ளிகளால் ஆன ஒரு வெறும் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அநாதையாக நின்றது. கடைசி ‘லா’வின் காலுக்கும், நாங்கள் “அரவு” என்போம், அதே கதிதான்.

“அல்லாவே, வடை ஈக்குது பாருடி!” என்றாள் ரெஹானா. அன்றிலிருந்து அந்த ஓட்டை வட்டத்துக்கு எங்கள் வகுப்பில் “வடை” என்றே பெயர்.

மிஸ் வந்து எட்டிப் பார்த்தார். “தமிழ் உதில ஒழுங்கா வராது பிள்ளை. இங்கிலீஷில மட்டும் விடுங்கோ. நடுவருக்கு முன்னால உப்பிடி உடைஞ்சு நிண்டா எங்களுக்குத்தானே வெட்கம்?”

எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோரும் கணக்கிலிருந்து வரலாறு வரை தமிழில் படித்தவர்கள். அந்த மெஷினோடு கதைக்க வேண்டுமென்றால் சப்பாத்தோடு சேர்த்துப் பெயரையும் வாசலில் கழற்றி வைக்கவேண்டுமா?

“நான் வரப்பண்ணுறன் மிஸ்,” என்றேன். “தமிழ் இல்லாட்டி நாங்கள் போட்டிக்கு வரேல்லை.”

“அப்ப உங்கட பேரை நான் நடுவருக்குக் குடுக்கமாட்டன்.”

“ஓம் மிஸ்.”

ரெஹானா என் தொடையில் கிள்ளினாள். ஆனால் எழுந்து போகவில்லை, அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

வீட்டில் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். “எல்லாப் பிள்ளையளும் சொல்வழி கேக்கேக்க உனக்கு மட்டும் என்ன கொம்பே முளைச்சிருக்கு?” என்றார். முளைத்த கொம்புதான் வடையில் மாட்டிக்கொண்டு நிற்கிறதே என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கும் சேர்த்து ஏச்சு விழுந்தது.

அடுத்த நாள் நான் விட்ட பிழை, தமிழில் கையெழுத்துப் பழகிய ஒருவரால் மட்டுமே விடக்கூடிய பிழை. கையால் எழுதும்போது முதலில் கொம்பை இழுத்துவிட்டுத்தான் எழுத்தைப் போடுகிறோம். ஆகவே அரவை முந்திய எழுத்தோடும், கொம்பைக் கண்டால் அதை அடுத்து வரும் எழுத்தோடும் சேர்க்கும்படி கோட் எழுதினேன். திரையில் வடை போய்விட்டது. வந்து நின்ற பெயர், “மகேலா”.

“சிங்களப் பொடியன்ட பேர் மாதிரி ஈக்குது!” என்று ரெஹானா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகுதான் விளங்கியது: மெஷின் எழுத்தை முதலில் வாங்கி, கொம்பை அதன் பின்னால் வைத்துக்கொள்கிறது, நம் கண்ணுக்கு மட்டும் முன்னால் காட்டுகிறது. கொம்பு, அரவு, புள்ளி எல்லாவற்றையும் முந்திய எழுத்தோடு சேர்க்கும்படி மாற்றினேன். மே, க, லா. மூன்று பெட்டிகள். நான் போட்ட கத்தலில் பக்கத்து வகுப்பு ரீச்சர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

தமிழ் சரியாக வந்த பிறகும், நடுவருக்கு முன்னால் உடைந்துவிடுமோ என்று பயந்து, கண்காட்சியன்று சொன்னபடியே மிஸ் எங்களை ஒதுக்கிவிட்டார். எங்கள் மெஷினை அறைக்கு வெளியே, சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அது எவ்வளவு நல்ல இடம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே போகிற எவரும் சப்பாத்துக் கழற்ற அங்கே நின்றுதானே ஆகவேண்டும்! எழுதப் பழகத் தொடங்கியிருந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒற்றைச் சப்பாத்தோடு நின்று பெயர்களைத் தட்டினார்கள், தம் எழுத்துகள் துள்ளுவதைப் பார்த்துத் தாங்களும் துள்ளினார்கள்.

நடுவரும் சப்பாத்துக் கயிறு அவிழ்க்கக் குனிந்தார். குனிந்தவர் திரையைப் பார்த்து, தன் பெயரைச் சிங்களத்தில் தட்டலாமா என்று கேட்டார். தட்டினார். பெட்டிக்குப் பெட்டி வடை. “அபே கொம்புவத் கெடெனவனே!” என்றார், எங்கள் கொம்பும் உடைகிறதே என்று. சிங்களத்திலும் அதற்குக் கொம்புதான் பெயர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

“ஹதலா தென்னம் சேர்,” திருத்தித் தருகிறேன் என்றேன். அவர் உள்ளே சுற்றி வருவதற்குள் சிங்களக் குறிகளையும் சேர்த்துவிட்டேன். திரும்பி வந்தவர் சப்பாத்துப் போடுவதை மறந்து, முழுதாக நின்ற தன் பெயரைப் போனில் படம் எடுத்தார். ஆனால் எங்கள் பெயர் அவருக்குக் கொடுக்கப்படவில்லை, ஆகவே தெரிவும் இல்லை. ஆங்கிலத்தில் செய்த வேறொரு பக்கம் போட்டிக்குப் போனது. நான் அழுதேன், கோபத்தில் அழுதேன். ஆங்கிலத்திலேயே செய்திருக்கலாம் என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

இன்று அந்த அறை வாசலில் மரத் தட்டு இல்லை, பிள்ளைகள் சப்பாத்தோடே போகிறார்கள். ரெஹானா கட்டாரில் இருக்கிறாள். வடையைக் காண்பதே அரிது. போன்கள் எல்லாம் தமிழைப் பெரும்பாலும் ஒழுங்காகக் காட்டிவிடுகின்றன. “தமிழ் வராது” என்ற பேச்சும் மறைந்துவிட்டது. அதன் இடத்தில் “தமிழ் பிறகு” வந்திருக்கிறது.

இரத்மலானையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், வைத்தியரிடம் நேரம் பதிவதற்கு ஒரு செயலி செய்கிறோம். போன கிழமைக் கூட்டத்தில் என் மேலாளர், அவரும் தமிழர்தான், “முதல்ல இங்கிலீஷில விடுவம், தமிழையும் சிங்களத்தையும் பிறகு பாப்பம்,” என்றார். நோயாளியின் பெயர் மூன்று மொழியிலும் நேராக நிற்காமல் என் பகுதியைத் தரமாட்டேன் என்றேன். மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்தது.

“மற்ற எல்லாருக்கும் ஓகே மேகலா,” என்றார் அவர். “உமக்கு மட்டும் என்ன கொம்போ?”

“ஓம்,” என்றேன். “இரட்டைக்கொம்பு. என்ட பேரில முதல் எழுத்திலயே நிக்குது.”