அங்கப்பன் எண்ணெய் தடவிய வலை

அங்கப்பன் எங்கள் பட்டறையில் பதினொரு வருஷமாக எண்ணெய் அள்ளினார். துடியலூரில் லேத்தில் பம்பு பாகம் கடையும் பட்டறை அது. கடைந்த உருப்படிகளைக் கழுவும் தொட்டியில் எண்ணெய் மேலே மிதக்கும். அதைத் தகரத்தால் அள்ளி டிரம்மில் ஊற்றுவார். அடியில் நிற்கும் தண்ணீர் மறுபடி கழுவப் போகும். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்.

பேச்சு மிகவும் குறைவு. பேசாத ஆள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். பட்டறைக்கு மேஸ்திரி நான்தான். மிஷின் துடைக்கும் வேஸ்ட் துணியைத் திருடிப் போகிறாரோ என்று ஒருநாள் அவர் பையைத் திறந்தே பார்த்துவிட்டேன். சோற்றுத் தூக்குப்போசியும் ஒரு மாற்றுச் சட்டையும் இருந்தன. அப்போதும் சந்தேகம் போகவில்லை. அன்றைக்கு மட்டும் ஒன்றும் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஹர்ஷிணி என்ற பெண் தான் உருவாக்கிய ஒரு கம்பி வலையைக் கொண்டுவந்து முதலாளி சென்னகிருஷ்ணனிடம் காட்டினாள். எண்ணெய்த் தண்ணீரை இதன் மேல் ஊற்றினால் தண்ணீர் மட்டும் கீழே இறங்கும், எண்ணெய் மேலேயே நின்றுவிடும் என்றாள். வலையின் மேல் பாலிமர் பூச்சு இருக்கிறதாம், அதில் மின்னேற்றம் இருக்கிறதாம். ஷாக் அடிக்குமா என்று கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னாள்.

"அடிக்காதுங்கண்ணா. உப்பு ஈரத்தை இழுத்து வெச்சுக்குதில்லீங்களா, அந்த மாதிரி இது தண்ணிய இறுக்கிப் புடிச்சுக்கும். பஸ் சீட்டுல துண்டு போட்டு இடம் புடிக்கறாங்கல்ல? தண்ணி மொதல்ல உக்காந்துட்டா எண்ணெய்க்கு இடமில்லைங்க."

ஒரு துண்டு வலையைத் தண்ணீருக்குள் முக்கி, ஊசியால் எண்ணெய்ச் சொட்டை அடியிலிருந்து விட்டுக் காட்டினாள். சேம்பு இலையில் தண்ணீர் உருள்வதுபோல எண்ணெய் உருண்டு விலகிப் போனது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. டீசலை மிச்சப்படுத்தும் காந்தம், கரண்டு பில்லைக் குறைக்கும் டப்பா என்று எத்தனையோ பேர் வந்து காட்டிவிட்டுப் போன இடம் இது. டம்ளரில் எல்லாமே நன்றாகத்தான் நடக்கும்.

முதலாளி வலையைத் தொட்டியில் பொருத்தச் சொல்லிவிட்டார். கிளம்பும்போது அவள் என்னிடம் ஒன்றை அழுத்திச் சொன்னாள். வலை எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டும். காய்ந்த வலையில் எண்ணெய் முதலில் பட்டால் அது அப்பிக்கொள்ளும். தொட்டியைப் பார்க்கிறவரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். தலையாட்டினேன்.

ஐந்து நாள் நன்றாக ஓடியது. வலை மேல் நின்ற எண்ணெய் தானாகவே டிரம்முக்குள் வழிந்ததால் அங்கப்பனுக்கு அள்ளும் வேலை இல்லை. தொட்டியோரம் நின்று வலையையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஆள் ஏதோ செய்யப் போகிறார் என்று எனக்குப் பட்டது. வேலை போகப்போகிறவர் சும்மா இருப்பாரா?

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பட்டறையில் இரும்பாக இருப்பதையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு வைப்போம். ஞாயிறு லீவில் துரு ஏறக்கூடாது. அன்று அங்கப்பன் வலையைக் கழற்றி, துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய் தோய்ந்த வேஸ்ட்டால் இரண்டு பக்கமும் தேய்ப்பதைக் கதவோரம் நின்று பார்த்தேன். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை தண்ணீர் வலையில் இறங்கவே இல்லை. தேங்கி, பொங்கி, எண்ணெயோடு, சுத்தத் தண்ணீர் சேரும் கீழ்த் தொட்டிக்குள் வழிந்தது. முதலாளி கொதித்துப் போனார். நான் பார்த்ததைச் சொன்னேன். அங்கப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏப்பா, வலைல எண்ணெய் தடவுனயா?"

"ஆமாங்க. இரும்பு பாருங்க, ஈரத்துல உட்டுப்போட்டுப் போக மனசு வரலீங்க."

"வேலை போயிரும்னு செஞ்சுபோட்டு, இப்ப மனசு வரலைங்கறயா? நாளைக்கிருந்து வராதே."

அங்கப்பன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குற்றம் செய்தவன்தான் இப்படிப் பேசாமல் போவான் என்று அப்போதும் நினைத்தேன்.

முதலாளி போன் செய்ததும் அரை மணி நேரத்தில் ஹர்ஷிணி வந்தாள். அது துருப்பிடிக்காத எவர்சில்வர் கம்பிதான், எண்ணெயே தேவையில்லை என்றாள். வலையை நல்ல தண்ணீரில் முக்கி ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எண்ணெய் அங்கங்கே சுருங்கி, மணியாகத் திரண்டு, ஒவ்வொன்றாக மேலே வந்தது. மின்னேற்றம் கூடுதலாக உள்ள பூச்சு என்பதால் தண்ணீர் மெதுவாக உள்ளே புகுந்து எண்ணெயைக் கிளப்பி விடுகிறதாம். முழுசாகச் சரியாக நாளைக் காலை வரை ஆகும் என்றாள்.

"தண்ணியிலயே வெக்கோணும்னு சொல்லிட்டுத்தானுங்களே போனேன்?"

"யார்கிட்டம்மா சொன்னே?" என்றார் முதலாளி.

அவள் என்னைப் பார்த்தாள். அங்கப்பனிடம் அப்போதே சொல்லிவிட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இல்லை என்று சொல்ல அங்கப்பன் அங்கே இல்லை. இருந்தாலும் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

"எங்கிட்டத்தாங்க சொல்லுச்சு. இந்த வலை ஒரு வாரம் தாங்காதுன்னு நெனச்சு நான் அவர்கிட்டச் சொல்லவே இல்லீங்க."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீயே போயிக் கூட்டிட்டு வா" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கப்பன் இன்னும் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். பட்டறைக்குத் திரும்பி வரச் சொன்னேன்.

"எண்ணெய் அள்ற வேலைதான் இல்லீங்களே. எதுக்கு வரோணும்?"

"அந்த வலைய ஈரமாவே வெச்சுப் பாத்துக்க ஆள் வேணுமில்லீங்களா."

"இது மொதலாளி சொன்னதுங்களா, நீங்களாச் சொல்றதுங்களா?"

"நானாச் சொல்றதுதான். அவர்கிட்டக் கேட்டு வாங்கித் தாரேன்."

என்னை அவர் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்ததுதான். பதினொரு வருஷம் நான் அவரை அப்படித்தான் பார்த்தேன். அன்னூர் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. என் வண்டியிலும் ஏறவில்லை. "நடந்தே வாரனுங்க, நீங்க போங்க" என்றார்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன்.